பூக்க விடாத சாடி

எங்கடை வீட்டுக் கராஜிலை காருக்கு இடமில்லை. பனி கொட்டிற நாளிலை விடியக் காலமை எழும்பி, கார்க் கண்ணாடியிலை ஒட்டின ஐஸைச் சுரண்டிச் சுரண்டி என்ரை விரல் விறைச்சுப் போகும். உள்ளுக்கை, ஜன்னலடியிலை, மூண்டு பூச்சாடி சொகுசாய் நித்திரை கொள்ளும். இலையும் இல்லை, பூவும் இல்லை, வெறும் முள்ளுத்தடி. "இஞ்சேரப்பா, உது செத்துப்போச்சு. தூக்கி எறிஞ்சுபோட்டுக் காரை உள்ளுக்கை விடுங்கோ" எண்டு வருசா வருசம் கத்தியிருக்கிறன். மனுசன் சிரிப்பார். "செத்ததெண்டு உமக்கு ஆர் சொன்னது? மே மாசம் வரட்டும், பாரும்" எண்டுவார்.

அந்த மனுசன் போன மாசி மாசம் செத்துப்போனார். கார் இப்பவும் வெளியிலைதான் நிக்குது.

பேர் டெனிஸ்டன். ரொறன்ரோவிலை நாங்கள் இருக்கிற வெக்ஸ்போர்ட்டிலை அவரைத் தெரியாத ஆக்கள் குறைவு. ஸ்கூல் பஸ் ஓடினவர். சின்னனுகளுக்கு பஸ் அங்கிள், தமிழ் ஆக்களுக்குக் காத்தோட்டி அண்ணை. எனக்குப் புருசன். நான் இராஜேஸ்வரி, முதியோர் இல்லமொண்டிலை வேலை செய்யிறன். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேணுமெண்டு சொல்லுவினம். நான் அப்பிடியான ஆள் இல்லை. அவர் இருக்கேக்கையும் ஏசினனான், இப்பவும் ஏசுவன்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. ஆரும் கேளாமல் உதவி செய்யிற வியாதி. பக்கத்து வீட்டுக்காரன் நித்திரையாலை எழும்ப முன்னம் அவன்ரை வாசல் பனியை இவர் அள்ளிப்போட்டு வருவார். முன் வீட்டுக்காரி கடையாலை வந்தால் பையைப் பறிக்காத குறை. "உங்களை ஆர் கேட்டது?" எண்டால், "கேட்டாப் பிறகு செய்தால் அது உதவியோ? அது வேலையெல்லோ" எண்டுவார். உந்த வியாதியாலை பட்ட பாட்டைத்தான் சொல்ல வாறன்.

யாழ்ப்பாணத்திலை நான் கைதடிச் சைவம். அவர் பாசையூர்க் கத்தோலிக்கன். விரும்பித்தான் கட்டினனாங்கள். என்ரை அப்பா அண்டைக்குச் சாத்தின கதவை சாகுமட்டும் திறக்கேல்லை. நான் ஒரே பிள்ளை. அப்பா செத்த செய்தி போனிலை வரேக்கை எங்களுக்கு இஞ்சை அகதிப் பேப்பர் ஒண்டும் சரிவரேல்லை. போக ஏலாது. குசினிக்கை நிலத்திலை இருந்து குழறினன். அவரும் பக்கத்திலை நிலத்திலை இருந்தார். 

தகப்பன் இல்லாதவை ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கிறது எங்கடை வழக்கம். தாய் இல்லாதவைக்குச் சித்திரைப் பறுவம், பௌர்ணமி நாள். தகப்பன் உயிரோடை இருக்கிற பிள்ளை மறந்தும் ஆடி அமாவாசை பிடிக்கக் கூடாது. பிடிச்சால், இருக்கிற தகப்பனைச் சாகச் சொன்ன மாதிரி. இதை ஞாபகத்திலை வைச்சிருங்கோ. என்ரை மனுசனுக்கு இது தெரியாமல்தான் எல்லாம் வந்தது.

அண்டையச் சமையலிலை காத்தோட்டிக்காய் இருந்தாக வேணும். ஊரிலை பத்தையளுக்கை கொழுக்கி முள்ளோடை படர்ந்து நிக்கும். வெள்ளைப் பூ. காய் வாயிலை வைக்க ஏலாத கைப்பு. மற்ற நாளிலை ஆரும் ஏறெடுத்தும் பாராயினம். ஆடி அமாவாசைக்கு மட்டும் அது இல்லாமல் இலை நிறையாது. ரொறன்ரோத் தமிழ்க் கடையிலை முருங்கைக்காய் இருக்கு, வாழைப்பூ இருக்கு, பனங்கிழங்கும் இருக்கு. காத்தோட்டிக்காய் மட்டும் இல்லை. "பாவக்காயை வைச்சுச் சமாளியுங்கோ அக்கா" எண்டான் கடைக்காரப் பெடியன். அப்பா உயிரோடை இருக்கேக்கை ஒரு வாய்த் தண்ணி குடுக்கேல்லை, செத்தாப் பிறகும் சமாளிக்கிறதோ எண்டு எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்தது.

அடுத்த ஆனி மாசம் மனுசன் வேலையாலை ஓடி வந்தார். "இஞ்சேர், காத்தோட்டி கண்டனான்!"

"எங்கை?"

"பஸ் ஓடுற ரோட்டிலை. ஒரு கிரேக்கக் கிழவன்ரை வாசலிலை."

விசர்க் கதை கதைக்காதேங்கோ எண்டன். ஆனால் மெய்தான். பிள்ளையளை எல்லாம் இறக்கிப்போட்டு, வெறும் பஸ்ஸை ஓரமாய் விட்டிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். பெரிய மண் சாடியிலை முள்ளுச் செடி, வெள்ளைப் பூ, பூவுக்கை ஊதா நிறத்திலை மீசை மாதிரி நூல். கிழவன்ரை பேர் நிக்கோஸ். அவன்ரை தீவிலை கடற்கரைப் பாறை வெடிப்புக்கை, மழை தண்ணி இல்லாத இடத்திலை, உப்புக் காத்திலை தானாய் முளைக்கிற செடியாம். ஆரும் நடுறேல்லையாம். இஞ்சை சூப்பர்மார்க்கெற்றிலை சின்னப் போத்தலிலை 'கேப்பர்ஸ்' எண்டு விக்கிறது இதின்ரை மொட்டைத்தான். அவையள் மொட்டையும் உப்பிலை போடுவினம், காயையும் போடுவினம். நிக்கோஸின்ரை இங்கிலீஸ் இவருக்கு விளங்காது, இவரின்ரை இங்கிலீஸ் நிக்கோஸுக்கு விளங்காது. ஆனால் ரெண்டு பேரும் மணிக்கணக்காய்க் கதைப்பினம். ஏன் காய் கேக்கிறனெண்டு இவர் "மை வைஃப், ஃபாதர், டெட்" எண்டு சொல்ல, கிழவன் தொப்பியைக் கழட்டி நெஞ்சிலை வைச்சவனாம். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ஒரு பை நிறையக் காய் தந்து விட்டான்.

நான் கையிலை எடுத்துப் பார்த்தன். "உது காத்தோட்டி இல்லை. காத்தோட்டிக்காய் உருண்டை. உது சின்னனாய் நீட்டாய்க் கிடக்கு."

"முள்ளைப் பாரும், பூவைப் பாரும். ஒரே சாதிசனம்தான். ஒண்டு கைதடி, மற்றது பாசையூர். நீரும் நானும் சேரேல்லையோ?"

ஒண்டைக் கடிச்சன். அதே கைப்பு. நாக்கிலை பட்ட உடனை "அப்பா" எண்டு வாயிலை வந்திட்டுது. அண்டைக்கு அழுத அழுகையோடை என்ரை நெஞ்சுப் பாரம் அரைவாசி இறங்கிச்சுது.

சின்னன் சின்னனாய் வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பொரிச்சு, வாழையிலையிலை படைச்சு, காகத்துக்கு வைக்கக் கொல்லைக்குப் போனால் கண்டறியாத கனடாக் காகம் ஒண்டும் வரேல்லை. நான் "கா, கா" எண்டு கத்த, எங்கையிருந்தோ ஒரு சீகல், வெள்ளைக் கடற்பறவை, வந்து சோறு கறி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போச்சு. மனுசன் வேலியடியிலை நிண்டு, "மாமா கனடாவுக்கு வந்து வெள்ளையாயிட்டார்" எண்டாரே பாருங்கோ. விரத நாளிலை நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.

பிறகு நிக்கோஸின்ரை மகள் தகப்பனை யூனியன்வில்லுக்குத் தன்னோடை கூட்டிக்கொண்டு போனா. அங்கை சாடி வைக்க இடமில்லை. கிழவன் சாடியை இவரிட்டைத் தள்ளி விட்டிட்டான். வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதை, பனிக்குத் தாங்காதெண்டு செடி கராஜுக்குள்ளை, கார் வெளியிலை. அதிலை தடி வெட்டி வைச்சு, எத்தினையோ பட்டு, கடைசியிலை மூண்டு சாடி ஆக்கினார். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் வந்தால் காத்தோட்டி அண்ணை பையோடை வெளிக்கிட்டிடுவார். சைவ வீடெண்டு தெரிஞ்ச வாசலிலை எல்லாம் ஒரு பிடி காய் கொழுவிப்போட்டு வருவார். தூர மோர்னிங்சைட்டிலை இருந்துகூட ஆக்கள் போன் எடுத்துக் கேப்பினம். அவர் பூசை காணப் போறது அந்தோனியார் கோயிலுக்கு. என்ரை விரதத்தை என்னைவிட அவர்தான் கொண்டாடினார்.

அப்பதான் மங்கையற்கரசி எங்கடை பேஸ்மென்ற்றுக்கு, வீட்டின்ரை கீழ்த்தளத்துக்கு, வாடகைக்கு வந்தா. கையிலை மகன் கஜீவன், அப்ப சின்னப் பிள்ளை. வன்னியிலை இருந்து எங்கையெல்லாமோ சுத்தி வந்த ஆள். சண்டை முடிஞ்ச அண்டைக்கு வட்டுவாகல் பாலத்தடியிலை, பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டிடுவம் எண்டு ஆமிக்காரர் சொன்னதை நம்பி, புருசனைத் தன்ரை கையாலை ஒப்படைச்சவ. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கெண்டும் ஆரும் சொல்லேல்லை, இல்லையெண்டும் ஆரும் சொல்லேல்லை. நெத்தியிலை குங்குமப் பொட்டு, கழுத்திலை தாலி. பேக்கரி வேலைக்கும் தாலியோடைதான் போவா. போன் அடிச்சால் முதல் மணியிலை எடுத்திடுவா. இது எல்லாம் எங்களுக்கு வந்த கிழமையே தெரியும். ஒருத்தரும் வாய் திறந்து கேக்கிறேல்லை.

அவ வந்த முதல் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் நான் வேலையிலை நிண்டனான். திரும்பி வந்து குசினிக்கை தேத்தண்ணி போட, மங்கை மேலை வந்தா. கையிலை ஒரு பை. முகம் வெளிறிப்போய் இருந்தது.

"அக்கா, இதை ஆர் என்ரை கதவிலை கொழுவினது?"

பையை விரிச்சுப் பார்த்தன். காத்தோட்டிக்காய். 

மனுசன் முன்னறையிலை இருந்து எழும்பி வந்தார், பெரிய புண்ணியவான் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு. "நான்தான் தங்கச்சி. தம்பிக்கு நாளைக்கு..."

"என்ரை பிள்ளைக்குத் தகப்பன் இருக்கு, அண்ணை."

சத்தம் போடேல்லை. பையை மேசையிலை மெல்லமாய் வைச்சா. எறிஞ்சிருந்தாலும் பறவாயில்லை. "நான் அவரைச் சவமாய்க் குடுக்கேல்லை. உயிரோடை, நடக்க நடக்க, என்ரை கையாலை கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான்" எண்டிட்டுப் படியிறங்கிப் போனா.

 நான் விட்டனே? "ஆரைக் கேட்டு அந்த வாசலிலை கொண்டுபோய்க் கொழுவினனீங்கள்? உங்களுக்கு அறிவு இருக்கோ? அந்தக் காயைக் குடுத்தால் உன்ரை மனுசன் செத்திட்டான் எண்டு சொன்ன மாதிரி!"

"எங்கடை கோயிலிலை மரித்தோர் திருநாளுக்குக் காணாமல் போனவைக்கும் சேர்த்துத்தானப்பா மெழுகுதிரி கொளுத்திறது" எண்டார். "ஆரையும் விடக்கூடாதெண்டு சொல்லுவினம். அப்பிடித்தான் இதுவும் எண்டு நினைச்சன்." சொல்லிப்போட்டுக் கதிரையிலை இருந்து முகத்தைப் பொத்தினார். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாத ஆளை எவ்வளவு நேரம் ஏசலாம், சொல்லுங்கோ.

அடுத்த நாள் அமாவாசை. நான் முழுகிப்போட்டு அப்பாவுக்குச் சமைக்கிறன். கீழையிருந்து ஹீற்றர் காத்து வாற ஓட்டைக்குள்ளாலை மீன்குழம்பு மணம் ஏறி வருது. நல்ல காரசாரமான மீன்குழம்பு. எனக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது. விரதகாரி இருக்கிற வீட்டிலை, அதுவும் இண்டைக்கோ எண்டு அகப்பையோடை படியிறங்கினன். பாதிப் படியிலை நிண்டு பார்த்தால், கஜீவன் நிலத்திலை இருந்து சாப்பிடுறான். மங்கை முள்ளுப் பாத்துப் பாத்து ஊட்டுறா. ஊட்ட ஊட்ட, "உன்ரை அப்பா வந்தால் உனக்கு நல்ல பெரிய மீனாய் வாங்கித் தருவார்" எண்டு சொல்லுறா. நான் சத்தம் காட்டாமல் திரும்பி ஏறி வந்திட்டன். என்ரை அப்பா ஒரு நாளைக்கு மீன் மணத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும் எண்டு நினைச்சன்.

அண்டையிலை இருந்து வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எங்கடை வீட்டிலை மேலை காத்தோட்டி, கீழை மீன்.

மனுசன் அந்தக் கவலையோடை யூனியன்வில்லுக்கு நிக்கோஸிட்டைப் போனார். என்ன கதைச்சினமோ தெரியாது. அடுத்த வருசம் சாடியளை வெளியிலை எடுக்கேக்கை ஒண்டைக் கொண்டுபோய் பேஸ்மென்ற் ஜன்னலடியிலை வைச்சார். மொட்டு வரத் தொடங்கினதும் ஒவ்வொரு காலமையும் தேத்தண்ணி குடிக்க முன்னமே குந்தியிருந்து மொட்டை ஆய்ஞ்சார். கொழுக்கி முள்ளு கையெல்லாம் கிழிக்கும். ஒரு மொட்டையும் விரிய விடேல்லை. ஆய்ஞ்சதைக் கல்லுப்பிலை போட்டு, பிழிஞ்சு, திரும்பப் போட்டு, ஒரு போத்தலிலை அடைச்சு, அமாவாசைக்கு முதல் நாள் மங்கையின்ரை கதவைத் தட்டினார். நான் படிக்கு மேலை நிண்டு, உவர் திரும்பவும் என்ன கோதாரியைக் கொண்டுபோறாரெண்டு பார்த்துக்கொண்டு நிண்டன்.

"தங்கச்சி, இது காய் இல்லை" எண்டார். "காயாக முன்னம், பூக்கவும் முன்னம், மொட்டிலையே ஆய்ஞ்சது. அந்தச் சாடியிலை காயே வராது. நான் விடமாட்டன்."

மங்கை போத்தலைக் குனிஞ்சு பார்த்தா. பிறகு, "கைக்குமோ அண்ணை?" எண்டு கேட்டா.

"இல்லைத் தங்கச்சி. உப்புத்தான். கிரேக்க ஆக்கள் மீனுக்குத்தான் போடுறவை."

ஒரு வருசமாய்க் கதையாத மனுசி போத்தலை வாங்கினா. அடுத்த நாள் மீன்குழம்பிலை அதைப் போட்டு, ஒரு கோப்பை மேலை அனுப்பினா. நான் விரதம், அவருக்கு விரதமில்லை. என்ரை கண்ணிலை படக் கூடாதெண்டு கள்ளப் பூனை மாதிரிக் கராஜுக்குள்ளை போய் நிண்டு திண்டார். வாயைத் துடைச்சுக்கொண்டு வந்து, "நான் ஒண்டும் சாப்பிடேல்லை" எண்டார். நான் கேக்கவே இல்லை.

வருசங்கள் ஓடிச்சுது. ரெண்டு சாடி வெள்ளை வெளேரெண்டு பூக்கும். பின்னேரம் விரிஞ்சு அடுத்த நாள் மத்தியானம் வாடிப்போற பூ. ஜன்னலடிச் சாடி மட்டும் ஒரு பூவும் காணாது. ஒருநாள் மனம் கேளாமல் கேட்டன், "ஒரு செடியைப் பூக்க விடாமல் வைச்சிருக்கிறது பாவமெல்லோ அப்பா?"

"அவ சொல்லுமட்டும் நான் எப்பிடி விடுறது?" எண்டார். கையிலை முள்ளுக் கீறி இரத்தம் வந்துகொண்டு இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கஜீவன் எங்கடை படியிலைதான் வளர்ந்தான். அவர் ஓடுற பஸ்ஸிலைதான் பள்ளிக்கூடம் போனான், அவரின்ரை காரிலைதான் கார் ஓடப் பழகினான். நல்ல பெடியன், தமிழிலை தொடங்கி இங்கிலீஸிலை முடிப்பான். ஹைஸ்கூல் முடிக்கிற வருசம் ஒருநாள் என்னோடை வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தவன், தலை நிமிராமல் கேட்டான்: "அன்ரி, அப்பா இல்லையெண்டு நான் நினைச்சால் அது பாவமா? பிக்கோஸ் அம்மா இன்னும் வெயிற் பண்ணிக்கொண்டு இருக்கிறா."  வெங்காயம் நல்லாய்க் காந்துதெண்டு மட்டும் சொன்னன்.

போன மாசி மாசம் ஒரு விடியக்காலமை நல்ல பனி. மனுசன் வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வாசலை அள்ளப் போனார். ஆரும் கேக்கேல்லை. பனி அள்ளுற சவளைப் பிடிச்சபடி பனியிலை விழுந்து கிடந்தார். கஜீவன்தான் முதல் கண்டு, நெஞ்சை அமத்தி அமத்தி, அம்புலன்ஸ் வருமட்டும் விடேல்லை. பெட்டியை முன்னுக்குப் பிடிச்சவனும் அவன்தான். அந்தோனியார் கோயிலிலை பூசை வைச்சு அடக்கம் செய்தம். மங்கை என்னை விட்டு விலகேல்லை. தன்ரை கட்டிலை விட்டிட்டு வந்து என்ரை அறை நிலத்திலை படுத்தா. பாழாய்ப்போன மனுசன், ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டார். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறேல்லை.

மே மாசம் கஜீவன்தான் சாடியளை வெளியிலை உருட்டினான். நான் தண்ணிகூட ஊத்தாத தடி, துளிர்த்து நிண்டுது. அவன் அங்கிள் வைச்ச இடத்திலையே ஒண்டை ஜன்னலடியிலை வைச்சான். மொட்டு வந்தது. எனக்கு அதை ஆய மனமில்லை, கையும் ஓடேல்லை. ஒரு பின்னேரம் வேலையாலை வரேக்கை பார்க்கிறன், ஜன்னலடிச் சாடி பூத்துக் கிடக்கு. இவ்வளவு காலமும் அடக்கி வைச்சதெல்லாம் சேர்த்துப் பூத்த மாதிரி, வெள்ளையாய். ஐயோ, மங்கை பார்த்தால் என்ன நினைப்பா எண்டு ஓடிப்போனன். ஜன்னல் திரைச்சீலை திறந்து கிடந்தது. மங்கை உள்ளுக்கை கதிரையிலை இருந்து அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தா. கை நீட்டினால் ஆயலாம். ஆயேல்லை. நானும் வந்த வழியே திரும்பிட்டன்.

ஆடி அமாவாசைக்கு ரெண்டு நாள் கிடக்க, கஜீவன் மேலை வந்தான்.

"அன்ரி, நான் விரதம் பிடிக்கப் போறன். அங்கிளுக்கு. ஹி வாஸ் மை டாட் ரூ. எனக்கு அவரும் அப்பாதானே. நான் செய்யலாமா?"

என்னாலை உடனை ஓம் சொல்ல ஏலுமெண்டால்! என்ரை மனுசனுக்கு இலை போடப் பிள்ளை இல்லையே எண்டு மாசிக்குப் பிறகு நான் அழாத நாள் இல்லை. கேளாமல் வந்து நிக்கிறான், மனுசன்ரை வியாதி தொத்தின பெடியன். அந்தோனியார் கோவிச்சால் கோவிக்கட்டும், நான் சமாளிப்பன். ஆனால் தகப்பன் இருக்கெண்டு தாய் சொல்லுற பிள்ளை அண்டைக்கு விரதம் பிடிக்கக் கூடாது. ஆருக்காகப் பிடிச்சாலும் கூடாது. ஒருக்கால் அந்த வாசலிலை என்ரை மனுசன் கொண்டுபோய்க் கொழுவினது போதும்.

"கொம்மாவைக் கேள், ராசா" எண்டன். "அவ ஓம் எண்டால்தான். இல்லையெண்டால் இந்தக் கதையை என்னோடை கதைக்காதை." சொல்லிப்போட்டு அவன் போனாப் பிறகு குசினியிலை இருந்து அழுதன்.

கீழையிருந்து ஒரு சத்தமும் வரேல்லை. அண்டைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. சண்டை பிடிச்சிருந்தாலாவது கேட்டிருக்கும்.

அமாவாசை விடிஞ்சுது. முழுகினன். அப்பாவுக்கு ஒரு இலையும் அவருக்கு ஒரு இலையும் போடுவம், பிள்ளை இல்லாட்டி நானே போடுறன், ஆர் என்னைக் கேக்கிறது எண்டு வீம்போடை அடுப்பைப் பத்தவைச்சன். மற்ற ரெண்டு சாடியிலையும் ஆய்ஞ்ச காய் இருந்தது. பருப்பு அவியுது, பூசணிக்காய் வேகுது, என்ரை மூக்கு மட்டும் ஹீற்றர் ஓட்டையடியிலை நிக்குது. இப்ப மீன் மணம் வரும், இப்ப வரும் எண்டு நிக்கிறன். வரேல்லை. வெறும் பருப்பு மணம்தான் வீடெல்லாம்.

படியிலை காலடிச் சத்தம் கேட்டுது. மங்கை. தலை முழுகி, ஈரத் தலையை முடிஞ்சிருந்தா. நெத்தியிலை பொட்டு இருந்தது. தாலியும் கிடந்தது. ஒண்டையும் கழட்டேல்லை. கையெல்லாம் முள்ளுக் கீறின இரத்தக் கோடு. என்ரை மனுசன்ரை கை எந்த நாளும் கிடந்த கோலம். ஒரு கிண்ணம் நிறையக் காய். ஜன்னலடிச் சாடியிலை ஆய்ஞ்ச காய்.

பின்னாலை கஜீவன் வேட்டி கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு நிண்டான்.

மங்கை கிண்ணத்தை என்ரை மேசையிலை வைச்சா. முதல் வருசம் அந்தப் பையை வைச்ச அதே இடத்திலை, அதே மாதிரி மெல்லமாய் வைச்சா.

"அக்கா, அண்ணைக்குப் பக்கத்திலை இன்னொரு இலை போடுங்கோ" எண்டா.

  வாழையிலையை எடுத்து இன்னொரு துண்டு வெட்டினன். வெட்டுக் கோணலாய்ப் போச்சு. மங்கை என்ரை பக்கத்திலை நிண்டு காயைச் சின்னன் சின்னனாய் வெட்டினா, உப்பும் மஞ்சளும் தானே பிரட்டினா. ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. மூண்டு இலையும் அடுத்தடுத்து விரிச்சம். அப்பாவுக்கு நான் படைச்சன். மற்ற ரெண்டுக்கும் கஜீவன் படைச்சான். கொல்லையிலை சீகல் ரெண்டு வந்து சண்டை பிடிச்சுது.

பிறகு பெடியனைச் சாப்பிட இருத்தினம். பசியோடை இருந்தவன், சோத்தோடை காத்தோட்டிப் பொரியலை அள்ளி வாயிலை வைச்சான். முகம் சுருங்கிப்போச்சு. விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் தாயை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, சரியாய்க் கைக்குது."

மங்கை அவன்ரை இலையிலை இருந்து ஒரு துண்டை எடுத்துத் தன்ரை வாயிலை போட்டா. மெண்டு மெண்டு விழுங்கினா. பிறகு அவன்ரை தலையைத் தடவினா.

"கைக்கும் ராசா. உன்ரை அப்பாவுக்கெல்லோ, தின்."